சார்னோக்கைட்: எந்தக் கல்லுக்கு இந்தப் பெயரைப் போடலாம்?

நிலவியல் படித்தவர்கள் உதவ வேண்டும். பல்லாவரம், பரங்கிமலைக் கருங்கல்லைப் பற்றி எழுதும்போது சார்னோக்கைட் என்ற பாறைப் பெயரில் சிக்கிக்கொண்டேன். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கல் இந்த வகைப் பாறை என்பதால் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1893இல் வைத்த பெயர். அதுவரை சரி.

ஹாலந்து இதை அக்கினிப் பாறையாகவே (உருகிய குழம்பு இறுகி உண்டானதாக) கொண்டார். ஆனால் கர்நாடகத்தின் கப்பாளதுர்காவில் நைஸ் (வரிவரியான உருமாறிய பாறை) பாறையே ஆங்காங்கே சார்னோக்கைட்டாக மாறியிருப்பதைக் காட்டி, இது உருமாறிய பாறை (வெப்பம், அழுத்தத்தால் மாறியது) என்கிறார்கள் பின்வந்தவர்கள். அப்படியென்றால் இந்தப் பெயர் பிறப்பைக் குறிக்கிறதா, கனிமச் சேர்க்கையை மட்டுமா? கிரானைட் போன்ற கலவையில் ஹைப்பர்ஸ்தீன் என்ற பைராக்சீன் வகைக் கனிமம் இருந்தால் போதுமா? குவார்ட்ஸ் குறைந்த கருங்கல்லையும் சிலர் இப்படியே சொல்கிறார்களே, அது தளர்வான வழக்குதானா? களத்தில் நீங்கள் எப்படிக் குறிப்பெடுக்கிறீர்கள் என்று சொன்னால் பெரிய உதவி.