பிரின்கெப்ஸுக்கு "பேரரசர்" வேண்டாமே

வணக்கம் ஐயா, மத்த நண்பர்களுக்கும்.

உரோமை வரலாற்றுச் சொற்பட்டியல்ல, அகஸ்டஸ்லேருந்து உரோமைய ஆண்டவங்களுக்கு வழங்கின லத்தீன் பேரான பிரின்கெப்ஸுக்கு நேரா "பேரரசர்"னு போட்டிருக்கீங்க, அத மட்டும் கொஞ்சம் நிறுத்தி வச்சுப் பாக்கணும்னு கேட்டுக்கறேன். பேரரசருக்குள்ள அரசர் உக்காந்திருக்கார், அகஸ்டஸ் காலம் பூரா ஒதுக்கி வச்சது அந்த ஒரு சொல்லத்தான். உரோமைக்காரங்களுக்கு ரெக்ஸ், அதாவது ராஜான்னாலே ஆகாது. கி.மு. 44 பிப்ரவரி திருவிழால அந்தோணி முடிய நீட்டினப்ப ஜூலியஸ் சீசர் வேண்டாம்னு தள்ளியும் சந்தேகம் தீரல, அடுத்த மாசமே குத்திக் கொன்னுட்டாங்க. அந்தக் கதி தெரிஞ்சதால அகஸ்டஸ் கி.மு. 27-ல நாட்ட செனட்டுகிட்டயே ஒப்படைக்கறேன்னு சொன்னார், படையும் முக்கியமான மாகாணங்களும் கையில இருக்கறப்பவே தன்ன பிரின்கெப்ஸ்னு சொல்லிகிட்டார், அதாவது குடிமக்கள்ல முதல் ஆளு. செனட்ல முதல்ல கருத்து கேக்கறது யார்கிட்டயோ அவருக்கு முன்னாடியே இருந்த பேரு அது.

ஒரு சொல்லுக்கு இவ்ளோ பாக்கணுமான்னு அக்கா கேட்டிருந்தீங்க. கிறிஸ்தவத்தோட தொடக்கத்த எழுதறப்ப பாத்துத்தான் ஆகணும் அக்கா. இயேசு மேல உரோமை ஆளுநர் பிலாத்துகிட்ட வச்ச குற்றச்சாட்டே தன்ன ராஜான்னு சொல்லிகிட்டார்ங்கறதுதான், சிலுவைல அடிச்ச பலகைலயும் "யூதருடைய ராஜா", லத்தீன்ல ரெக்ஸ். அந்தப் பட்டம் உரோமை பாத்துக் குடுத்தாத்தான் உண்டு. பெரிய ஏரோதுக்கு கி.மு. 40-ல செனட் குடுத்துச்சு, அவர் மகன் அந்திப்பாவுக்குக் குடுக்கல, கடைசி வரைக்கும் காற்பங்கு தேசத்து அதிபதிதான், கி.பி. 39-ல, அப்ப உரோமைய ஆண்ட கலிகுலாகிட்ட போய் ராஜா பட்டம் கேட்டவர கௌலுக்கு (இன்னிக்கு பிரான்ஸ் இருக்கற பகுதி) நாடு கடத்திட்டாங்க. மேல இருக்கறவர் ராஜாங்கற பேர வச்சுக்கல, கீழ இருக்கறவன் அவர கேக்காம வச்சுகிட்டா மரணம், இந்த முரண்தான் அந்த விசாரணையோட முதுகெலும்பு. அப்ப உரோமைய ஆண்டவர "பேரரசர் திபேரியு"ன்னு எழுதினா பெரிய ராஜா சின்ன ராஜாவ தண்டிச்ச கதையா சுருங்கிப் போயிடுது.

லூக்கா 3:1-ஐ கிரேக்கத்துல பாருங்க, திபேரியுவோட ஆட்சிக்கு ஹெகெமோனியா, பிலாத்து யூதேயாவ ஆண்டதுக்கும் அதே வேர்தான். அங்காராவுல கோயில் சுவர்ல அகஸ்டஸோட சாதனைப் பட்டியல் ரெண்டு மொழியிலயும் வெட்டி வச்சிருக்கே, அதுலயும் லத்தீன் பிரின்கெப்ஸுக்கு கிரேக்கம் ஹெகெமோன். நம்ம பழைய மொழிபெயர்ப்புல திபேரியுராயன் "ராஜ்யபாரம்" பண்றார், பிலாத்து "தேசாதிபதி", ஒரே வேர் ரெண்டா பிரிஞ்சு போச்சு. பின்னாடி வந்த திருவிவிலியம் மொழிபெயர்ப்புல "ஆட்சி"ன்னு விட்டது எவ்ளோ மேல்.

கிழக்க இருந்தவங்க ராஜான்னுதான கூப்பிட்டாங்கன்னு ஐயா சொன்னது உண்மை, பேதுரு நிருபத்துலயே "ராஜாவைக் கனம்பண்ணுங்கள்"னு வருது. அது ஜனங்க வாயில வர்ற சொல், அங்க ராஜாவாவே இருக்கட்டும். நாம தேடறது பதவிக்கான சொல்.

பிரின்கெப்ஸ்ங்கற அந்தச் சொல் நம்ம மண்ணுக்குள்ளயே கிடந்திருக்கு, அத நெனச்சா எனக்கு இப்பவும் சிலிர்க்குது. தமிழ்நாட்டுப் புதையல்கள்ல அதிகமா கெடைக்கற அகஸ்டஸ் வெள்ளிக்காசோட பின்பக்கத்த பாத்தா அவரோட ரெண்டு பேரப்பசங்க நிக்கறாங்க, நடுவுல கேடயமும் ஈட்டியும், ஓரத்துல சுருக்கி "பிரின்க் யுவென்ட்"னு பொறிச்சிருக்கும், இளைஞர்ல முதல்வர்கள்னு அர்த்தம். அரசகுமாரர்னு அங்கயும் போட்டுக்கல.

இனி தமிழுக்கு வருவோம். "முதல்வர்" அச்சா பொருந்துது, கல்லூரி முதல்வருக்குச் சொல்ற பிரின்சிபல் கூட பிரின்கெப்ஸ் வழி வந்ததுதான், ஆனா இன்னிக்கு அத படிக்கறவன் மனசுல கோட்டைல இருக்கற முதல்வர்தான் வருவார். "முதற்குடிமகன்" பொருள் சுத்தம், குடியரசுத் தலைவருக்குப் போயிடுச்சு, ஆட்சின்னு சேத்தா வாய்ல நுழையவும் மாட்டேங்குது. "தலைமகன்"னா அகத்திணை வந்து நிக்குது. என் பரிந்துரை முதன்மையர், அந்த ஆட்சி முறைக்கு முதன்மையராட்சி. "64-ல உரோமை எரிஞ்ச பழிய முதன்மையர் நீரோ கிறிஸ்தவங்க மேல போட்டார்"னு எழுதிப் பாத்தேன், உறுத்தல. கி.பி. 284-ல டயோக்ளீஷியன் ஆட்சிக்கு வந்தப்புறம் முடியாட்சி பகட்டு வெளிப்படையாவே வருது, பேரரசர அங்கேருந்து தாராளமா வச்சுக்கலாம்.

பட்டியல்ல டொமினஸுக்கு, அதாவது எசமான்னு பொருள்படற லத்தீன் சொல்லுக்கு, "ஆண்டவர்"னு போட்டிருக்கறத சில பேர் மாத்தச் சொல்றாங்க, தயவுசெஞ்சு மாத்தாதீங்க. சிமிர்னாவுல ஆயரா இருந்த கிழவர் பொலிகார்ப்ப கைது பண்ணி வண்டில ஏத்திகிட்டு போறப்ப "சீசர் ஆண்டவர்னு சொன்னா என்ன கெட்டுடும்"னுதான் கெஞ்சினாங்க. அவரு அந்தச் சொல்ல இயேசுவுக்குக் குடுத்திருந்தார், சீசருக்குச் சொல்ல மாட்டேன்னுட்டார், எரிச்சுட்டாங்க. அந்த இடத்துல தமிழ்ல ரெண்டு பேருக்கும் ஒரே சொல் இருந்தே ஆகணும்.