புதுப்பிப்பு: ஒரே பெட்டி, மூன்று சாவிகள்

வீட்டு ஆவணங்கள் உள்ள இரும்புப் பெட்டிக்கு ஒரே சாவி, அதுவும் அண்ணனிடம். அவர் வெளியூரில் இருந்தபோது அம்மாவின் காப்பீட்டுத் தாளை எடுக்க முடியாமல் தவித்தோம் என்று எழுதியிருந்தேன். இப்போது வழி கிடைத்துவிட்டது.

நகல் சாவி வேண்டாமென்று அண்ணன், தங்கை, நான் மூவரும் முடிவு செய்தோம். ஒன்று தொலைந்தாலும் பூட்டை மாற்ற வேண்டும், மற்ற இருவரின் சாவியும் வீணாகும். அதற்குப் பதிலாகக் கொண்டியில் ஒரு சங்கிலியைப் போட்டு, அதன் இரு முனைகளையும் மூன்று பூட்டுகளால் ஒன்றோடொன்று கோத்து இணைத்தோம். எவர் தன் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி விடுபடும். சாவி தொலைந்தால் அந்த ஒரு பூட்டை மாற்றினால் போதும்.

ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. தங்கை அவசரத்தில் என் பூட்டைப் பூட்டு வரிசையில் கோக்காமல் விட்டுவிட்டு மாட்டியதால், ஒரு வாரம் என் சாவியால் பெட்டியைத் திறக்க முடியவில்லை. மூடியபின் பூட்டு வரிசையை இழுத்துப் பார்ப்பது இப்போது எங்கள் கட்டாய வழக்கம்.

நகைகள் உள்ள உள்பெட்டிக்கு இந்த முறை ஆகாது. அங்கே இரண்டு தனித்தனிப் பூட்டுகள். ஒன்று அண்ணனுடையது, ஒன்று தங்கையுடையது. இருவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். எடுத்ததும் வைத்ததும் தேதியுடன் நோட்டில் ஏறுகின்றன.