ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸ்: அண்டூ எங்கே போனது?

பழைய டிபிஏ:
ஆரக்கிள் டேட்டாபேஸில் டிபிஏவாக (டேட்டாபேஸ் நிர்வாகியாக) 14 வருடம் ஓட்டியவன். 2 மாதமாகப் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் கற்கிறேன். காலி ஸ்ட்ரிங்கும் NULL-உம் (மதிப்பே இல்லாதது) இங்கே வேறு வேறு, டேட் வகையில் மணி நிமிடம் கிடையாது, இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. மாட்டிக்கொண்டது வேறு இடத்தில்.

டெஸ்ட் சர்வரில் 4 கோடி ரோ, 11 ஜிபி டேபிள். எல்லா ரோவையும் மாற்றும் அப்டேட் ஓட்டினேன். கணக்கு தப்பு என்று தெரிந்ததும், மாற்றத்தை ரத்து செய்ய ரோல்பேக் கொடுத்தேன். கண் இமைப்பதற்குள் முடிந்தது! ஆரக்கிளில் இவ்வளவு பெரிய ரோல்பேக் என்றால் பாதி நாள் போயிருக்கும். சந்தோஷமாகத் திருத்தி, மறுபடி ஓட்டி, கமிட் செய்து உறுதியாக்கினேன். இப்போது டேபிள் 33 ஜிபி. இறந்த ரோக்களைத் துப்புரவு செய்யும் வேக்யூமை, விவரம் காட்டும் வெர்போஸோடு போட்டால் 4 கோடி ரோவை நீக்கியது. இன்னொரு 4 கோடி 'இறந்தவை, ஆனால் இப்போதைக்கு நீக்க முடியாது' என்கிறது. சைஸ் துளியும் குறையவில்லை. ஆரக்கிளில் போலப் பழைய ரோவெல்லாம் அண்டூ என்ற தனி இடத்தில்தானே இருக்க வேண்டும்?

ரெப்ளிகா:
இங்கே அண்டூ என்று தனி இடமே கிடையாது சார். அப்டேட் என்றால் புது ரோ எழுதுவதுதான். பழையது அதே டேபிளில் கிடக்கும். ரோல்பேக் சட்டென்று முடிந்ததும் அதனால்தான். எதையும் திருப்பி எழுதவில்லை, அந்த டிரான்சாக்‌ஷன் ரத்து என்று குறித்ததோடு சரி. ரத்தான ரோ யார் கண்ணுக்கும் தெரியாது, அதனால் வேக்யூம் உடனே அள்ளிவிட்டது. மிச்ச 4 கோடியை ஏதோ ஒரு செஷன் (திறந்திருக்கும் இணைப்பு) பிடித்து வைத்திருக்கிறது.

சைஸ் விஷயம்: காலியான இடத்தை அதே டேபிள் மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். ஃபைலின் கடைசிப் பக்கங்கள் காலியாக இருந்தால்தான் டிஸ்க்குக்குத் திரும்பும். வேக்யூம் ஃபுல் சுருக்கும், ஆனால் முடியும்வரை அந்த டேபிளைப் படிக்கக்கூட முடியாது.

இரவுப்பணி:
செஷன்களைப் பட்டியலிடும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்', அதாவது வேலையை முடிக்காமல் சும்மா கிடக்கும் செஷன், ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ஆரக்கிளில் நீண்ட க்வெரி, அதற்குத் தேவையான அண்டூ அழிந்துபோனால், 1555 பிழையோடு சாகும். இங்கே க்வெரி பிழைத்துக்கொள்ளும், டேபிள் ஊதும்.

பழைய டிபிஏ:
குற்றவாளி நானேதான். கட்டளை அடிக்கும் பிஎஸ்கியூஎல் கருவி ஒவ்வொன்றையும் தானாகக் கமிட் செய்வது பிடிக்காமல், முதல் நாளே ஆட்டோகமிட்டை ஆஃப் செய்திருந்தேன். முந்தாநாள் ஒரு குட்டி டேபிளில் ஒரே ஒரு ரோவை அப்டேட் செய்துவிட்டு, கமிட் செய்யாமல் விண்டோவை அப்படியே விட்டிருக்கிறேன். ஆனால் அது வேறு டேபிள்தானே?

ரெப்ளிகா:
அதே டேட்டாபேஸாக இருந்தால் போதும். வேக்யூம் டேபிள் வாரியாகப் பார்ப்பதில்லை. திறந்திருக்கும் மிகப் பழைய டிரான்சாக்‌ஷனுக்குத் தேவைப்படலாம் என்று தோன்றும் எதையும் தொடாது. ரீட் கமிட்டெட் என்ற வழக்கமான நிலையில் வெறும் செலக்ட் (படிப்பது மட்டும்) என்றால் இந்தத் தொல்லை வந்திருக்காது, எழுதியதால் வந்த வினை. இப்படிச் சும்மா கிடக்கும் செஷனை வெட்டும் டைம்அவுட் முதலில் 0, அதாவது வெட்டவே வெட்டாது. 10 நிமிடம் வையுங்கள்.

பழைய டிபிஏ:
விண்டோவை மூடிவிட்டு மறுபடி வேக்யூம் போட்டேன், மிச்ச 4 கோடியும் போய்விட்டது. ஃபைல் இன்னும் 33 ஜிபிதான். டெஸ்ட் சர்வர்தானே என்று வேக்யூம் ஃபுல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். டைம்அவுட்டும் வைத்தாயிற்று. ஆட்டோகமிட்டை ஆன் செய்யத்தான் இன்னும் மனசு வரவில்லை.