தக்கார் நியமன அறிவிப்பு வந்திருக்கிறது: சத்திரத் தருமத்தில் அதிகாரியின் எல்லை எதுவரை?

குடமுருட்டிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்துக்கு அருகே எங்கள் குடும்பத்தார் நான்கு தலைமுறையாக ஒரு சத்திரத்தை நடத்தி வருகிறோம். கொள்ளுத்தாத்தா 1911இல் பதிவு செய்துவைத்த தரும சாசனத்தில், ஒன்றரை வேலி நஞ்சையின் வருமானத்தைக் கொண்டு இரவில் வந்து சேரும் வழிப்போக்கர்களுக்குச் சோறு போட வேண்டும் என்றும், மாசி மகத்தன்று தீர்த்தமாட வருகிறவர்களுக்கு மூன்று வேளையும் அன்னமிட வேண்டும் என்றும், மூத்த ஆண் வாரிசே தருமத்தை நடத்திவர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். இன்று வழிப்போக்கர் என்று யாரும் வருவதில்லை. பக்கத்து அரசு மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் துணையாக இருப்பவர்கள்தாம் இரவில் வந்து சாப்பிட்டுப் போகிறார்கள்.

எங்கள் தரப்பில் ஒரு குறை இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. சித்தப்பா பொறுப்பில் இருந்த 2015 முதல் 2019 வரையிலான ஆண்டுகளில் பேரேடு எழுதப்படவில்லை. குத்தகை ரசீதுகளும் மளிகைக்கடைச் சீட்டுகளும் ஒரு மஞ்சள் பையில் கிடக்கின்றன. அவற்றில் பாதி எழுத்து மங்கிவிட்டது. ஆனால் ஒரு நாளும் உலை வைக்காமல் இருந்ததில்லை. ஊரார் சிலர் கொடுத்த மனுவின்பேரில், தக்கார் ஒருவரை, அதாவது அறங்காவலருக்குப் பதிலாக நிர்வாகத்தைப் பார்க்கும் ஆளை, ஏன் நியமிக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டு இப்போது அறநிலையத் துறையிடமிருந்து அறிவிப்பு வந்திருக்கிறது. பதினைந்து நாள் அவகாசம்.

கணக்கு எழுதாத குற்றத்துக்காக நிர்வாகத்தையே எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டா? எடுத்துக்கொண்டால் எவ்வளவு காலத்துக்கு? எங்கள் நிலத்தின் வருமானத்தை வேறொரு கோயிலின் அன்னதானத்துக்குத் திருப்பிவிட முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

திண்ணை வக்கீல் எழுதியது:

தக்காரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் சத்திரம் 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்துக்குள் வருகிறதா, இல்லையா? அதற்கு விடை உங்கள் கொள்ளுத்தாத்தா எழுதிய அந்த இரண்டு வரிகளில்தான் இருக்கிறது. இந்துப் பண்டிகையோடோ சமய அனுஷ்டானத்தோடோ சேர்ந்த பொதுத் தருமத்தை, அது கோயிலைச் சேர்ந்ததாக இல்லாவிட்டாலும், சமயம் சார்ந்த தருமமாகவே அந்தச் சட்டம் கொள்கிறது. ஆகவே மாசி மக அன்னம் உள்ளே வர நல்ல வாய்ப்பு உண்டு. வழிப்போக்கருக்கு இடும் இரவுச் சோறு வெறும் அறம். அப்படிப்பட்ட இந்து அறநிலையத்துக்குச் சட்டம் தானாகப் பொருந்தாது. 3ஆம் பிரிவின்படி அரசு முன்னறிவிப்புக் கொடுத்து, ஆட்சேபங்களைக் கேட்ட பிறகு அறிவிக்கை வெளியிட்டுத்தான் அதை உள்ளே கொண்டுவர முடியும். அந்த அறிவிக்கை இல்லாதவரை, பொது அறக்கட்டளைகளுக்கு உரிய வழி உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவுதான். அதன்படி அட்வகேட் ஜெனரலோ, நீதிமன்றத்தின் அனுமதி பெற்ற அக்கறையுள்ள இருவரோ வழக்குத் தொடுக்க வேண்டும். அறங்காவலரை நீக்குவதும் நிர்வாகத் திட்டம் வகுப்பதும் நீதிமன்றத்தின் வேலை.

ஒரே சாசனத்தில் இரண்டு வகைத் தருமமும் கலந்திருப்பதால் இது எளிதில் தீர்கிற விஷயமன்று. ஒரு நிறுவனம் சமய நிறுவனமா, ஒருவர் பரம்பரை அறங்காவலரா, ஒரு சொத்து குறிப்பிட்ட கட்டளைக்கு (ஒரு தனிக் காரியத்துக்கென்று எழுதிவைத்த தருமத்துக்கு) உரியதா என்ற தகராறுகளை அறநிலையச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்கீழ் துறையின் இணை ஆணையர் விசாரித்து முடிவு செய்ய வேண்டும். அதன்மேல் ஆணையரிடம் மேல்முறையீடும், பிறகு நீதிமன்றத்தில் வழக்கும் உண்டு. விசாரணை என்றால் சாட்சியும் ஆவணமும் பார்க்கிற உண்மையான விசாரணை. சென்னை மேற்கு மாம்பலத்து அயோத்தியா மண்டபத்தைப் பலர் அறிவீர்கள். ஸ்ரீராம் சமாஜம் என்ற பதிவு பெற்ற சங்கம் நடத்திவந்த அந்த மண்டபத்தை எடுத்துக்கொள்ள அறநிலையத் துறை 2013 டிசம்பரில் பிறப்பித்த உத்தரவை, உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2022 ஏப்ரலில் ரத்து செய்தது. அது கோயிலா, இல்லையா என்பதை முறையாக விசாரிக்காமலே முடிவு கட்டியிருந்தார்கள் என்பதே அடிப்படை. புதிதாக விசாரிக்கத் தடை இல்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

ஆயக்குடி எழுதியது:

வக்கீல் ஐயா சொன்னதோடு சேர்த்து, உங்கள் முதல் இரண்டு கேள்விகளுக்கு என் கருத்தைச் சொல்கிறேன். சட்டம் பொருந்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆணையருக்கு 23ஆம் பிரிவு தருவது மேற்பார்வை அதிகாரம். எதற்கான மேற்பார்வை என்பதையும் அதே பிரிவு சொல்லிவிடுகிறது: நிறுவனம் ஒழுங்காக நடக்கிறதா, வருமானம் எந்த நோக்கத்துக்காக ஏற்பட்டதோ அதற்கே செலவாகிறதா என்று பார்ப்பதற்காக. மேற்பார்வை பார்ப்பவர் நாற்காலியில் உட்கார்ந்து நிர்வாகம் செய்யத் தொடங்கினால் அது வேறு காரியம். அதற்குத் தனியாக அதிகாரம் காட்ட வேண்டும்.

அறங்காவலரைத் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ விலக்க வேண்டுமானால் 53ஆம் பிரிவில் காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. குற்றச்சாட்டை எழுத்தில் வைத்து, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்து, காரணத்தோடு உத்தரவிட வேண்டும். அறங்காவலர் இடம் காலியாக இருந்தாலோ அவர் விலக்கப்பட்டிருந்தாலோதான் தக்காருக்கு அங்கே இடம் வருகிறது. எனவே உங்களுக்கு வந்த அறிவிப்பில் எந்தப் பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். யாரையும் விலக்காமலே தக்காரை நியமிக்கப்போவதாகச் சொல்லியிருந்தால், அது அடிப்படையிலேயே பிழை.

கால அளவைப் பற்றிச் சிதம்பரம் நடராசர் கோயில் வழக்கைவிடத் தெளிவான தீர்ப்பு எனக்குத் தெரியவில்லை. அங்கே செயல் அலுவலர், அதாவது கோயில் நிர்வாகத்தைப் பார்க்கத் துறை வைக்கும் அதிகாரி, நியமனம் 1987இல் தொடங்கியது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது 2014 ஜனவரி 6இல். இடையில் இருபத்தாறு ஆண்டுகளுக்கு மேல். நிர்வாகக் கேடு இருந்தால் அரசு தலையிடலாம், ஆனால் அந்தக் கேட்டைத் தீர்க்கும்வரைதான் இருக்கலாம், தீர்ந்தவுடன் உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகும் இருப்பது உரிமையைப் பறிப்பதற்குச் சமம் என்று தீர்ப்பு சொல்கிறது. எந்த நிபந்தனையின் பேரில், எவ்வளவு காலத்துக்கு என்று சொல்லாத நியமனத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அதன் பிறகுதான் செயல் அலுவலர் நியமன நிபந்தனைகளுக்கு 2015இல் விதிகளே வந்தன.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சிதம்பரம் கோயிலை நடத்திவரும் பொது தீட்சிதர்கள் ஒரு சமயப் பிரிவினர் என்பதும், அதனால் சமயப் பிரிவினர் தங்கள் காரியங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளும் உரிமையைத் தரும் அரசியல் சாசனத்தின் 26ஆம் உறுப்பு அவர்களைக் காக்கிறது என்பதும் அந்தத் தீர்ப்பின் பெரிய தூண். உங்கள் குடும்பம் ஒரு சமயப் பிரிவு ஆகாது. எனவே தீர்ப்பை அப்படியே தூக்கி உங்கள் சத்திரத்தின்மேல் வைக்க முடியாது. ஆனால், தலையிடும் அதிகாரம் குறையைத் தீர்ப்பதற்காகவே தரப்பட்டது, குறை தீர்ந்த பின் அதற்கு வேலை இல்லை என்ற தர்க்கம் சட்டத்தின் நோக்கத்திலிருந்தே பிறக்கிறது; அதை நீங்களும் வாதிடலாம்.

நெற்குதிர் எழுதியது:

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். பனகல் அரசர் காலத்தில் 1925இல் முதல் அறநிலையச் சட்டம் வந்ததற்கும், 1951இல் வாரியத்தின் இடத்தில் ஆணையர் தலைமையில் ஒரு துறையே வந்ததற்கும் காரணம் இருந்தது. டெல்டாவில் தருமத்துக்கு விட்ட நிலங்கள் அறங்காவலர்களின் சொந்தக்காரர்கள் பெயரில் அற்பக் குத்தகைக்குப் போன கதை ஊருக்கு ஊர் உண்டு. எங்கள் ஊரிலேயே ஒரு தண்ணீர்ப்பந்தல் தருமம் இருந்தது. நிலம் மூன்று கை மாறி மனைக்கட்டாகிவிட்டது. இன்று மிஞ்சியிருப்பது பெயர் பொறித்த ஒரு கல். கணக்குக் கேட்க ஆள் இல்லாததால்தான் அது போயிற்று.

1954ஆம் ஆண்டு சிரூர் மடத்து வழக்கில் அந்த 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதிகார வரம்பு மீறிய பல விதிகளை உச்ச நீதிமன்றம் அடித்துப்போட்டது உண்மை. ஆனால் சொத்து நிர்வாகத்தைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தலாம், அடியோடு பிடுங்கத்தான் கூடாது என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். கணக்குக் கேட்பது ஒழுங்குபடுத்துவதில் சேரும். அத்தனை ஆண்டுப் பேரேடு இல்லை என்பதைச் சிறு குறை என்று எண்ணிவிடாதீர்கள்.

பணத்தைத் திருப்புவது பற்றிய மூன்றாவது கேள்விதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. அதே 1954இல் பம்பாய் பொது அறக்கட்டளைச் சட்டத்தைப் பற்றிய ரத்திலால் பானாசந்த் காந்தி வழக்கில், நிறுவியவர் குறித்த சமய நோக்கம் நிறைவேறக்கூடியதாக இருக்கும்போதே அந்தப் பணத்தை வேறொன்றுக்குத் திருப்ப இடம் கொடுத்த விதி செல்லாது என்று தீர்ப்பாயிற்று. நம் சட்டத்தின் 36ஆம் பிரிவில் உபரிப் பணத்தை வேறு நற்காரியத்துக்குச் செலவிட வழி இருக்கிறது. ஆனால் அங்கே அறங்காவலர் முன்மொழிய வேண்டும், ஆணையர் முன் அனுமதி தர வேண்டும். இரண்டு கைகள் சேர்ந்தால்தான் பூட்டுத் திறக்கும். அறங்காவலர் இடத்தில் தக்கார் உட்கார்ந்துவிட்டால், கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே தரப்பாகி அந்தக் காவல் போய்விடுகிறது. கோயில் நகைகளை உருக்கும் திட்டத்தில் அறங்காவலர்கள் நியமிக்கப்படும்வரை முடிவெடுக்கக் கூடாது என்று 2021 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்ததும் இந்தக் கவலையால்தான். ஆகவே தக்கார் வருவதே தவிர்க்க முடியாது என்றாலும், அன்றாட நிர்வாகத்துக்கு மேல் எதுவும் செய்யக் கூடாது என்ற வரம்பை உத்தரவிலேயே கேட்டு வாங்குங்கள்.

குடமுருட்டிக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. அறிவிப்பை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எந்தப் பிரிவும் குறிக்கப்படவில்லை. "நிர்வாகச் சீர்கேடு" என்று மட்டும் இருக்கிறது. நெற்குதிர் ஐயா சொன்னது உறைத்தது. நேற்று இரவே அண்ணியும் நானும் மஞ்சள் பையைக் கொட்டி, ரசீதுகளை ஆண்டுவாரியாக அடுக்கத் தொடங்கிவிட்டோம். இரண்டு குத்தகைதாரர்கள் தங்களிடமுள்ள நகல்களைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகலாமா?

திண்ணை வக்கீல் எழுதியது:

இப்போது போகாதீர்கள். விளக்கம் கேட்ட நிலையிலேயே ரிட் மனு (அரசு அதிகாரியின் செயலை எதிர்த்து நேரே உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) போட்டால், பதிலைக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். விசாரிக்காமல் உத்தரவு போட்டுவிட்டால் அப்போது போகலாம்; இயற்கை நீதி மீறப்பட்டிருந்தால் மாற்று வழி இருக்கிறது என்பது ரிட் மனுவுக்குத் தடையாகாது என்று 1998ஆம் ஆண்டின் வேர்ல்பூல் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பதினைந்து நாளுக்குள் பதில் போய்ச் சேர வேண்டும். சட்டம் பொருந்துமா என்ற ஆட்சேபத்தை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். பிறகு எழுப்பினால் காலம் கடந்தது என்பார்கள். எந்தப் பிரிவின்கீழ் நடவடிக்கை என்று கேளுங்கள், மனுவின் நகலைக் கேளுங்கள், நேர்முக விசாரணை வேண்டும் என்று கேளுங்கள். பேரேடு எழுதாததை ஒப்புக்கொண்டு, திருத்தி எழுதிய கணக்கைப் பட்டயக் கணக்காளர் ஒருவரிடம் தணிக்கை செய்து எந்தத் தேதிக்குள் தருவீர்கள் என்று குறிப்பிடுங்கள். மங்கிய ரசீதுகளை இன்றே படம் எடுத்து வையுங்கள். 1911ஆம் ஆண்டுச் சாசனத்தின் மூலத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி அதை இணையுங்கள். பதிலைப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பிவிட்டு, இன்னொரு படியை நேரில் கொடுத்து முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.