தொடர்மாடி வீட்டில் இரண்டு கினிப்பன்றிகள்: கூடு எப்படிச் செய்வது? உதவுங்கள்

மூன்றாம் மாடி (வெள்ளவத்தை):

எல்லோருக்கும் வணக்கம். மகளின் பிறந்தநாளுக்கு அவளுடைய மாமா இரண்டு கினிப்பன்றிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டும் பெண் என்று விற்றவர் சொன்னாராம். கூடவே ஒரு கம்பிக் கூடும் வந்தது. இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம். அடித்தளமும் கம்பிவலைதான்; எச்சம் விழுவதற்குக் கீழே ஒரு தட்டு இருக்கிறது. இப்போது பெரியவளின் பின்னங்கால் அடிப்பாதங்கள் சிவந்து, உரோமம் உதிர்ந்து காணப்படுகின்றன. இரண்டும் நாள் முழுவதும் ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. பார்க்கவே மனம் கேட்கவில்லை.

கூட்டை பால்கனியில் வைத்திருக்கிறோம். கடலைப் பார்த்த பால்கனி என்பதால் பிற்பகல் வெயில் நேராக அடிக்கும். உள்ளே கொண்டுவரலாம் என்றால், அம்மாவுக்குத் தொய்வு வருத்தம் இருக்கிறது. நாற்றமும் தூசியும் வந்தால் அவருக்குத்தான் கஷ்டம். அவர் சொல்வதை நான் தட்டிவிட முடியாது.

புதிதாக ஒரு கூடு செய்ய எண்ணுகிறோம். எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? அடித்தளத்துக்கு எது நல்லது? மர ஆலையில் மரத்தூள் சும்மா தருகிறார்கள், அதைப் போடலாமா?

தெஹிவளை அக்கா:

தங்கச்சி, கூடு செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே அந்தக் கம்பித் தளத்தின் மேல் தடித்த அட்டையை வெட்டிப் போட்டு, அதன் மேல் பழைய துவாய் ஒன்றை விரித்துவிடுங்கள். நனைந்ததும் மாற்றுங்கள். பால்கனியிலிருந்து உள்ளே எடுப்பதும் இன்றைக்கே செய்ய வேண்டியது.

பேராதனை மாணவி:

நான் மிருக வைத்தியம் படிக்கிறேன். நீங்கள் சொல்வது கம்பித் தளத்தில் வாழும் கினிப்பன்றிகளுக்கு வழக்கமாக வரும் பாதப்புண்ணின் தொடக்கம் போலத் தெரிகிறது. அவற்றின் பாதத்தில் முயலுக்கு இருப்பதுபோல் உரோம மெத்தை கிடையாது. வெறும் தோல்தான் உடல் பாரத்தைத் தாங்குகிறது. வெறும் சிவப்பு என்றால் மென்மையான, உலர்ந்த தளத்துக்கு மாற்றியதும் பெரும்பாலும் ஆறத் தொடங்கும். வீக்கமோ, கறுத்த பொருக்கோ, நொண்டி நடப்பதோ இருந்தால் உடனே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். தொற்று எலும்புவரை இறங்கக்கூடியது.

ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன். வீட்டில் இருக்கும் அமொக்சிசிலின் போன்ற மருந்தை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். பெனிசிலின் குடும்பத்து மருந்துகளை வாய்வழி கொடுத்தால் கினிப்பன்றியின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து உயிருக்கே ஆபத்தாகும். அதற்குப் பொருத்தமான வேறு மருந்துகள் இருக்கின்றன.

வைத்தியரிடம் போகும்போது இரண்டும் பெண்தானா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். விற்பவர்கள் சொல்வதை நம்பியிருக்க முடியாது. பெண் குட்டி ஒரு மாத வயதிலேயே சினைப்படக்கூடியது.

கொட்டாஞ்சேனை தச்சர்:

வணக்கம் தங்கச்சி. தளபாட வேலை என் தொழில். வீட்டிலும் கினிப்பன்றி வளர்க்கிறோம்.

முதலில் அளவு. உங்கள் கையில் இருப்பது மூன்று சதுர அடி. இரண்டு கினிப்பன்றிகளுக்கு ஏழரைச் சதுர அடிக்குக் குறையக் கூடாது. பத்து இருந்தால் நிம்மதியாக ஓடியாடும். ஐந்தடிக்கு இரண்டடி என்று செய்யுங்கள். அவை ஏறுகிற, தாவுகிற பிராணிகள் அல்ல, தரையில் ஓடுபவை. ஆகவே உயரத்தைக் கூட்டி, மாடி வைத்துக் கணக்கை நிரப்ப முடியாது.

எட்டடிக்கு நாலடி பிளைவுட் ஒன்று வாங்கினால் எல்லாம் அதிலேயே முடியும். ஐந்தடியில் குறுக்காக அறுங்கள். கிடைக்கும் ஐந்துக்கு நாலு துண்டில் பாதி அடித்தளம். மறுபாதியிலிருந்து ஐந்தடி நீளம், ஓரடி உயரத்தில் இரண்டு நீளப் பக்கங்கள். மிஞ்சிய மூன்றுக்கு நாலு துண்டிலிருந்து ஓரடி அகலத்தில் ஒரு பட்டை எடுத்து நடுவில் அறுத்தால் இரண்டு குறுகிய பக்கங்கள். இன்னும் இரண்டுக்கு நாலு மிஞ்சும்; அதில் ஒளிந்துகொள்ளும் பெட்டிகள் இரண்டு செய்யலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு வாசல் வையுங்கள். ஒரே வாசல் என்றால் ஒன்று மற்றதை உள்ளே மடக்கிவிடும்.

நம் ஊர்ப் புழுக்கத்துக்கு நான்கு பக்கமும் பலகையால் அடைக்கக் கூடாது. நீளப் பக்கங்களின் மேற்பாதியைச் சட்டமாக வெட்டியெடுத்து, அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த இரும்பு வலையை அடியுங்கள். ஆமர் வீதிப் பக்கத்து ஹார்ட்வெயார் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அறுகோணக் கண்ணுள்ள கோழிவலை வேண்டாம், மெல்லிய கம்பி. எலி அதைக் கடித்து வழி உண்டாக்கிவிடும். எலி வந்தால் அதன் சிறுநீரால் எலிக்காய்ச்சல் ஆபத்தும் சேர்ந்து வரும். வலையின் வெட்டுமுனைகள் வெளிப்பக்கம் இருக்கட்டும்.

அடித்தளப் பலகையை அப்படியே விட்டால் சிறுநீர் ஊறி உப்பிவிடும். தரைக்கு விரிக்கும் வினைல் விரிப்பை ஒரே துண்டாக வாங்கி, ஓரங்களைச் சுவரில் நாலு அங்குலம் மேலே மடித்து ஏற்றுங்கள். மூலையில் வெட்டாமல் மடிக்க வேண்டும். மேல் விளிம்பை மரச்சட்டத்தால் மூடி அடித்துவிட்டால் கடிக்க நுனி அகப்படாது. பூச்சு எதுவும் உள்ளே தேவையில்லை. வீட்டில் பழைய பலகை இருந்தாலும், கறையான் மருந்து பூசியதா என்று தெரியாத பலகையை அவற்றின் பல் படும் இடத்தில் போடாதீர்கள்.

இரண்டடி உயரக் கால் வைத்தால் அம்மா குனியாமல் பார்த்துக்கொள்ளலாம்.

பம்பலப்பிட்டி தம்பி:

பால்கனியிலேயே நிழல்வலை கட்டி வைத்தால் போதாதா? எங்கள் முயல்கள் அப்படித்தான் இருக்கின்றன.

பேராதனை மாணவி:

போதாது தம்பி. அண்டிஸ் மலைப் பகுதியின் குளிருக்குப் பழகிய இனத்திலிருந்து வந்தவை இவை. 18 முதல் 24 பாகை செல்சியஸ்வரை சுகமாக இருக்கும். கொழும்பில் பகல் வெப்பம் 30 பாகையைத் தொடுவது வழக்கம், ஈரப்பதமும் சேர்ந்து வரும். அதுவே அவற்றுக்கு எல்லை. மேற்கு வெயில் படும் பால்கனியின் சீமெந்துத் தரை இன்னும் சூடாகும். காகம், பூனை, இரவில் மரநாய் என்று பயமுறுத்த ஆட்களும் வேறு. முயலுக்கும் இந்த வெயில் நல்லதல்ல, உங்களுடையவற்றையும் உள்ளே எடுத்துவிடுங்கள். ஆனால் முயலையும் கினிப்பன்றியையும் ஒரே கூட்டில் விட வேண்டாம். முயலுக்கு ஒன்றும் செய்யாத சில கிருமிகள் கினிப்பன்றிக்கு நிமோனியாவைத் தரும்.

மார்ச், ஏப்ரல் பிற்பகல்களில் தண்ணீர்ப் போத்தலை உறைய வைத்து, துணியில் சுற்றி, கூட்டின் ஒரு ஓரத்தில் வையுங்கள். தரை ஓடு ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்துப் போட்டாலும் அதன் மேல் படுத்துக்கொள்ளும். விசிறிக் காற்று அறையில் சுழலட்டும், நேரே முகத்தில் அடிக்க வேண்டாம். வேகமாக மூச்சு வாங்கி, எச்சில் ஒழுகி, சோர்ந்து விழுந்தால் வெப்பத்தாக்கு. சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் காதையும் பாதத்தையும் ஒற்றிக்கொண்டே வைத்தியரிடம் ஓட வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது.

மூன்றாம் மாடி (வெள்ளவத்தை):

எல்லோருக்கும் மிக்க நன்றி. அட்டையும் துவாயும் போட்டு உள்ளே எடுத்துவிட்டோம். வைத்தியரிடமும் காட்டியாயிற்று: இரண்டும் பெண்தான், பாதத்தில் தொற்று இல்லை. அண்ணா சொன்ன கணக்கின்படி பிளைவுட் அறுக்கக் கொடுத்திருக்கிறோம். இனி அம்மாவின் தொய்வுதான் கவலை. மரத்தூளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

தெஹிவளை அக்கா:

மரத்தூள் வேண்டவே வேண்டாம். ஆலையில் என்ன மரம், என்ன மருந்து அடித்த மரம் என்று தெரியாது. தூசி உங்கள் அம்மாவின் நெஞ்சுக்கும் ஆகாது, அவற்றின் நெஞ்சுக்கும் ஆகாது. பைன், சீடர் மரச் சீவல்களின் வாசனை எண்ணெயும் மூச்சுக்குக் கெடுதல்.

எங்கள் வீட்டில் கீழே பழைய துவாய்கள், மேலே பிளீஸ் கம்பளம். புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும். முதலில் துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காமல் சிலமுறை கழுவுங்கள். அப்போதுதான் ஈரம் மேலே தேங்காமல் கீழே இறங்கும். இரண்டு சோடி வைத்துக்கொண்டால் ஒன்று காயும்போது மற்றதை விரிக்கலாம். மழைக்காலத்துக்கு மூன்றாவதும் தேவைப்படும்.

நாற்றத்தைப் பற்றிச் சொல்கிறேன், இதில்தான் பலர் சலித்து அவற்றைக் கைவிட்டுவிடுகிறார்கள். கினிப்பன்றியின் உடம்பில் நாற்றம் அதிகமில்லை. தேங்கிய சிறுநீரிலிருந்து கிளம்பும் அமோனியாதான் மூக்கைத் துளைக்கிறது. தொய்வைக் கிளப்பக்கூடியதும் அதுதான். அவை புல் தின்னும் இடத்திலேயே அதிகம் கழிக்கும். ஆகவே ஒரு மூலையில் தாழ்ந்த விளிம்புள்ள பிளாஸ்டிக் தட்டை வைத்து, கடதாசிக் கீற்றுகளைப் போட்டு, புல்லையும் தண்ணீர்ப் போத்தலையும் அங்கேயே வையுங்கள். அந்தத் தட்டைத் தினமும் மாற்றுங்கள். மற்ற இடத்தைச் சிறு தூரிகையால் காலையும் மாலையும் கூட்டிவிட்டால் போதும். வினைலில் வெள்ளையாகப் படியும் கறைக்கு வினாகிரி தடவிச் சற்று ஊறவிட்டால் கழன்றுவிடும். துப்புரவை நீங்களே செய்யுங்கள், அம்மாவிடம் விட வேண்டாம். காய்ந்த புல்லை வெளியில் உதறிவிட்டுக் கொண்டுவாருங்கள். இவ்வளவும் செய்தும் அம்மாவுக்கு இழுப்பு வந்தால், கூடு வேறு அறைக்குப் போக வேண்டும். உரோமமே ஒத்துக்கொள்ளாத உடம்பும் உண்டு.

சாப்பாட்டில் பெரும்பங்கு புல்லாக இருக்கட்டும். பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் மெல்லுவதற்கு எப்போதும் புல் இருக்க வேண்டும். கினிப்புல் தாராளமாகக் கிடைக்கும். வாகனப் புகை படும் தெருவோரத்தில் வெட்டாதீர்கள். விற்றமின் சி அவற்றின் உடம்பில் உருவாகாது. தினமும் ஒரு துண்டு கறிமிளகாய், கொஞ்சம் வல்லாரை, இடைக்கிடை கொய்யாத் துண்டு கொடுங்கள்.

மூன்றாம் மாடி (வெள்ளவத்தை):

கூடு வந்துவிட்டது. விறாந்தைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில், யன்னல் காற்று வரும் சுவரோரம் வைத்திருக்கிறோம். இரண்டும் முதலில் பெட்டிக்குள் ஒளிந்திருந்தன. இரவில் நீளத்துக்கு ஓடி ஓடிக் குதித்தன. இவ்வளவு ஓடும் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. பாதத்தின் சிவப்பும் குறைந்து வருகிறது. நாற்றம் இல்லை என்று அம்மாவே சொல்கிறார். ஒரே தொல்லை, கறிமிளகாய்க்குச் சிவப்பெறும்பு வருகிறது. மருந்து அடிக்கப் பயமாக இருக்கிறது.

கொட்டாஞ்சேனை தச்சர்:

மருந்து அடிக்காதீர்கள். சாப்பாட்டு அலுமாரிக்கு வைப்பதைப்போல நான்கு கால்களுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். கால் நுனிக்கு முதலில் பிளாஸ்டிக் மூடி மாட்டுங்கள், இல்லாவிட்டால் மரம் ஊறும். கூட்டின் எந்தப் பக்கமும் சுவரையோ யன்னல் திரையையோ தொடக் கூடாது, எறும்பு அதன் வழியே ஏறிவிடும். நுளம்பு முட்டையிடாமல் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். மிஞ்சிய மரக்கறியை இரவு படுக்கும் முன் எடுத்துவிடுங்கள்.