ஆச்சி வீட்டுப் பிள்ளைகள் (மலேசியக் குடும்பக் குழு)

செல்வி: (கடிதத்தின் படம்)

செல்வி: வீட்டை லேலோங் (ஏலம்) விட வங்கி மனுப் போட்டிருக்கிறது. நில அலுவலகத்தில் விசாரணையாம், அடுத்த மாதம் 9-ஆம் தேதி. பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் நல்ல வழக்கறிஞர் யாராவது தெரியுமா?

சரோஜா: ஐயோ. எந்த வீடு?

விக்கி: பாட்டி, அத்தைக்கு இருப்பதே ஒரு வீடுதான்.

கவிதா: அக்கா, இதற்கு முன் 16டி படிவம் வந்திருக்க வேண்டுமே?

செல்வி: வந்ததாம். என் கணவர் அலமாரியில் வைத்திருந்தாராம். நேற்றுதான் சொன்னார்.

மணி: நினைத்தேன்.

செல்வி: அண்ணா, அது இப்போது வேண்டாம்.

முத்து: செல்வி, பதறாதே. நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன், நிதானமாகப் படி. 16டி என்பது பாக்கியைக் கட்ட ஒரு மாத அவகாசம் தரும் நோட்டீஸ். அது தாண்டினால் வங்கி விற்பனை ஆணை கேட்கும். எங்கே கேட்கும் என்பது கெரானை, அதாவது நிலப் பட்டாவைப் பொறுத்தது. மாநிலப் பதிவகக் கெரான் என்றால் உயர்நீதிமன்றம், நில அலுவலகக் கெரான் என்றால் அந்த அலுவலகமே. உன்னுடையது இரண்டாவது. விசாரணையில் ‘ஏன் ஆணை தரக் கூடாது’ என்று நீ காரணம் காட்டலாம். ஆனால் வேலை போய்விட்டது, பிள்ளை படிக்கிறான் என்பதெல்லாம் அங்கே காரணம் ஆகாது. கணக்கில் கொஞ்சம் வித்தியாசம் என்பதும் ஆகாது. நோட்டீஸ் முறைப்படி கொடுக்கப்பட்டதா, அடமானம் சட்டப்படி செல்லுமா, இவைதான் நிற்கும். அதைப் பார்த்துச் சொல்லத்தான் வழக்கறிஞர்.

சரோஜா: முத்து, சுருக்கமாகச் சொல்.

விக்கி: நல்ல வேளை, குரல் பதிவாக அனுப்பவில்லை.

செல்வி: வீடு வாங்கியபோது கடன் பத்திரம் செய்தாரே, அவரையே கேட்கலாமா? தன்மையான மனிதர்.

முத்து: வேண்டாம். அவர் வங்கிக்காக எழுதியவர். உன் பக்கம் நிற்க வேறு ஆள் வேண்டும். பத்திர வேலை மட்டும் செய்பவர் போதாது, நில வழக்கு நடத்துபவராக இருக்க வேண்டும்.

கவிதா: யாராக இருந்தாலும் வழக்கறிஞர் மன்ற இணையத்தளத்தில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தொழில் நடத்தும் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

சரோஜா: சந்தைக்குப் போகும் வழியில் விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கிறார்கள், ‘லேலோங்கை நிறுத்தித் தருகிறோம்’ என்று. எண்ணைக் குறித்து வரட்டுமா?

முத்து: அக்கா, அந்தப் பக்கமே போகாதீர்கள். முன்பணம் வாங்குவான், சுராட் குவாசாவில் (அதிகாரப் பத்திரத்தில்) கையெழுத்துக் கேட்பான், அதோடு வீடே அவன் கையில்.

செல்வி: அவர் அப்படி ஒருவரிடம் பேசியிருக்கிறார். கையெழுத்துப் போடவில்லை.

மணி: போடவில்லை என்று அவர் சொன்னாரா, நீ பார்த்தாயா?

சரோஜா: சரி சரி. சனிக்கிழமை திதிக்குப் பெரிய அண்டா யார் கொண்டு வருவது?

விக்கி: எங்கள் வீட்டில்தான் இருக்கிறது பாட்டி.

சரோஜா: அது என் அம்மாவின் அண்டா. உங்கள் வீட்டுக்கு எப்போது போனது?

மணி: பிறை ஊரில் இருந்த வீட்டை விற்றபோது. பணத்தைத்தான் எல்லாரும் கேட்டீர்கள், அண்டாவை யாரும் கேட்கவில்லை.

சரோஜா: பிறை வீட்டுக் கதையை இங்கே இழுக்காதே மணி.

மணி: நான் இழுக்கவில்லை. என் கவலை வேறு. இந்தக் கடனுக்கு ஜாமீன் போட்டது நான். என் வீட்டுக்கும் வருவார்களா?

கவிதா: அண்ணா, குடியிருக்கும் வீட்டுக் கடனுக்கு லாபமில்லாமல் ஜாமீன் போட்டவரைத் திவாலாக்க முடியாது. 2017-இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஆனால் லேலோங் பணம் கடனுக்குப் பற்றாவிட்டால், மீதியைக் கேட்டு உங்கள் மேலும் வழக்குப் போடலாம்.

மணி: அப்படியென்றால் வருவார்கள்.

கவிதா: யாரும் எடுக்காவிட்டால் அடுத்த ஏலத்தில் அடிவிலை வழக்கமாக 10 விழுக்காடு இறங்கும். இறங்க இறங்க மீதி ஏறும். ஏலம் வரை போக விடாமல் இருப்பதுதான் உங்களுக்கும் நல்லது.

செல்வி: பணம் கட்டினால் நிற்குமா?

முத்து: நிற்கும். ஏலத்தில் சுத்தியல் விழும் வரைக்கும் வாய்ப்பு உண்டு, ஆணையில் உள்ள தொகையைச் செலவோடு கட்ட வேண்டும். அதற்கு முன் ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனத்துக்குப் போ. 2006-இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அமைத்தது, ஆலோசனைக்குக் காசு கேட்க மாட்டார்கள். தவணையைக் குறைத்து நீட்டிக்க வங்கியிடம் பேசுவார்கள். நானே இரண்டு பேரை அனுப்பி

விக்கி: தாத்தா, பாதியில் நிற்கிறது.

முத்து: விரல் பட்டுவிட்டது.

கவிதா: அத்தானின் சேமநிதியில் செஜாத்ரா என்று ஒரு கணக்கு இருக்குமே? வீட்டுக் கடனுக்கு எடுக்கலாம்.

செல்வி: எடுத்துவிட்டார்.

மணி: எதற்கு?

செல்வி: அண்ணா.

சரோஜா: அவளைக் குடையாதே. இலவச வழக்கறிஞர் கிடைப்பார்களாமே?

கவிதா: வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது அம்மா. வருமானத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். சம்பளச் சீட்டு, வங்கிக் கடிதங்கள் எல்லாம் கொண்டு போக வேண்டும்.

முத்து: ஜார்ஜ்டவுனில் என்னோடு வேலை பார்த்தவரின் மகள் நில வழக்குகள் நடத்துகிறார். கட்டணம் கேட்டுச் சொல்கிறேன்.

செல்வி: கேளுங்கள் மாமா. 3,000 ரிங்கிட்டுக்கு மேல் போனால் என்னால் முடியாது.

முத்து: முதலில் கடிதத்தைப் பார்க்கட்டும். 16டி-யையும் எடுத்து வை, உறையோடு. எந்தத் தேதியில் வந்தது என்று கேட்பார்கள்.

செல்வி: உறையைத் தேட வேண்டும்.

சரோஜா: யார் அவளைக் கூட்டிப் போவது? பினாங்குப் பாலம் தாண்டித் தனியாகக் கார் ஓட்ட மாட்டாள்.

மணி: திங்கள் எனக்கு முடியாது. செவ்வாய் பார்க்கிறேன்.

சரோஜா: செவ்வாய் மணி கூட்டிப் போகிறான். முத்து, அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடு.

மணி: பார்க்கிறேன் என்றுதான் சொன்னேன், பெரியம்மா.