'டிஃபீட் டிவைஸ்': முடக்கி என்போமா?

அன்பு நண்பர்களுக்கு,

காரின் உமிழ்வை, அதாவது புகைக்குழாய் வழியே வெளிவரும் நச்சு வாயுக்களை, கட்டுப்படுத்தும் அமைப்பின் திறனைக் குறைத்துவிடும் ஏற்பாட்டை ஆங்கிலத்தில் 'டிஃபீட் டிவைஸ்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் வந்திருக்கும் 'தோற்கடிப்புக் கருவி' என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழில் தோற்கடிக்க வேண்டுமானால் எதிரே ஒருவர் நிற்க வேண்டும். ஆட்டமோ தேர்தலோ போரோ நடக்க வேண்டும். காரின் புகைக்குழாயில் யாரும் யாரோடும் மோதவில்லை. இதையே ஜெர்மானியர்கள் 'அப்ஷால்ட்ஐன்ரிஷ்டுங்' என்கிறார்கள். அணைத்துவைக்கும் ஏற்பாடு என்று பொருள். ஆங்கிலச் சொல்லில் உள்ள 'தோல்வி'க்கு அங்கே தடமே இல்லை. பொருளைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நாமும் அப்படியே செய்யலாம்.

'கருவி' என்பதும் பொருந்தாது. இந்த ஏற்பாட்டுக்காகப் பிடிபட்ட ஜெர்மன் நிறுவனமான ஃபோக்ஸ்வேகனின் கார்களில் இருந்தது கையில் எடுத்துக் காட்டக்கூடிய பொருள் அல்ல, எஞ்சினை இயக்கும் கணினியில் எழுதப்பட்ட நிரல். 2013இல் மேற்கு வர்ஜீனியப் பல்கலைக்கழகக் குழு ஒன்று, அளக்கும் பொறியைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியச் சாலைகளில் ஓட்டிப் பார்த்தது. அரவிந்த் திருவேங்கடமும் ஹேமந்த் கப்பண்ணாவும் அந்தக் குழுவில் இருந்தார்கள். ஆய்வகத்தில் தேறிய ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா கார், சாலையில் அனுமதித்த அளவைப் போல 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கியது. ஆய்வகத்தில் கார் உருளைகளின் மேல் நின்றபடியே ஓடும். சக்கரம் சுழலும், ஸ்டியரிங் திரும்பாது. ஸ்டியரிங்கின் நிலை, வேகம், எஞ்சின் ஓடிய நேரம், காற்றழுத்தம் ஆகியவற்றைக் கொண்டு இது சோதனையா சாலையா என்று அந்த நிரல் தெரிந்துகொண்டு, சோதனையின்போது மட்டும் கட்டுப்பாட்டை முழுமையாக இயக்கியது என்று 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவித்தது. உலகம் முழுவதும் ஏறத்தாழ 1.1 கோடி கார்களில் அந்த நிரல் இருந்ததாக நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது.

இதைப் படித்ததும் 'ஏய்ப்பி' என்ற சொல்தான் யாருக்கும் முதலில் வரும். வரி ஏய்ப்பு என்று பழகிய நாக்கு நம்முடையது. சொல்லில் கோபம் இருக்கிறது, அந்தக் கோபம் நியாயமானது. ஆனாலும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அமெரிக்கச் சட்டத்தின் வரையறையில் நோக்கம் என்ற பேச்சே இல்லை. வழக்கமாக வண்டி ஓடும் நிலைமைகளில் உமிழ்வுக் கட்டுப்பாட்டின் திறனைக் குறைக்கும் எந்த ஏற்பாடும் அதில் அடங்கும், விதிவிலக்குகள் சிலதான். 1995இல் காடிலாக் கார்கள் மீது வந்த குற்றச்சாட்டு என்ன? ஏசியைப் போட்டதும் எஞ்சினுக்குள் கூடுதல் பெட்ரோல் பாய்ந்தது, கார்பன் மோனாக்சைடு பெருகியது. அன்றைய சோதனை ஏசியை அணைத்துவிட்டுத்தான் நடந்தது. இங்கே சோதனையை மோப்பம் பிடித்த நிரல் எதுவும் இல்லை. காடிலாக்கைத் தயாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் ஏறத்தாழ 4.5 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. ஐரோப்பாவில், வெளி வெப்பம் 15 டிகிரிக்கும் 33 டிகிரிக்கும் இடையே இருந்தால் மட்டுமே கட்டுப்பாடு முழுமையாக வேலை செய்யும்படி அமைத்திருந்ததும் இதே வகைதான் என்று 2022 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் கூறியது. ஒரு குளிர்காலம் முழுவதும் 15 டிகிரியைத் தொடாத நாடுகள் அங்கே உண்டு! 'எஞ்சினைக் காக்கத்தான் அப்படிச் செய்தோம், ஏய்க்க அல்ல' என்பதுதான் உற்பத்தியாளர் தரப்பின் வாதம். 'ஏய்ப்பி' என்று நாம் பெயர் வைத்தால், ஏய்க்கும் எண்ணத்தை மெய்ப்பித்த பிறகே அந்தப் பெயரைச் சொல்ல முடியும் என்றாகிவிடும். கோபத்தில் வைத்த பெயர் அவர்களுக்கே கேடயமாகும். ஏய்ப்பு என்பது தீர்ப்பில் வரட்டும், பெயரில் வேண்டாம்.

சென்ற வாரம் நானே முன்வைத்த 'கட்டுப்பாடு தளர்த்தி'யையும் திரும்பப் பெறுகிறேன். திறனைக் குறைப்பது என்ற பொருளுக்கு அது மிக நெருங்கிய சொல். ஆனால் ஊரடங்குக் காலத்தில் 'கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன' என்று படித்துப் படித்து, அரசே அனுமதித்தது என்ற சாயல் அதில் ஏறிவிட்டது. படிப்பவர் விதியைத்தான் யாரோ தளர்த்தினார்கள் என்று எண்ணுவார்.

ஆகவே 'உமிழ்வுக் கட்டுப்பாட்டு முடக்கி', சுருக்கமாக 'முடக்கி'. வினையூக்கி, வடிகட்டி என்று இதே துறையில் புழங்கும் சொற்களின் குடும்பம். சுவிட்ச், சில்லு, நிரல் எல்லாவற்றுக்கும் பொருந்தும். 'இந்தக் காரின் நிரலில் முடக்கி இருந்தது' என்று எழுதிப் பாருங்கள், தடுக்கவில்லை. 'முடக்கி வைத்தார்' என்பதில் வரும் வினையெச்சத்தோடு குழம்பும் என்று அம்மையார் ஒருவர் எழுதியிருந்தார். வடிகட்டிக்கும் அதே சிக்கல் உண்டு. தேநீர் போடும் யாரும் குழம்பியதில்லை. முடக்கம் என்றால் முழுதாக நின்றுபோவது அல்லவா என்ற கேள்வி வலுவானது. ஆனால் 'பஸ் போக்குவரத்து பகுதியளவு முடங்கியது' என்று நாளிதழ்கள் எழுதுகின்றன, நமக்கும் புரிகிறது.

'உமிழ்வு' எதற்கு, 'புகை' போதாதா என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். போதாது. நம் ஊர்ப் புகைப் பரிசோதனை நிலையத்தில் டீசல் வண்டிக்குப் புகையின் அடர்த்தியைத்தான் பார்க்கிறார்கள், நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. குழாயிலிருந்து பெரும்பாலும் வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடுக்கு நிறமே கிடையாது. 2015 டிசம்பரில் ஃபோக்ஸ்வேகன் இந்தியாவில் திரும்ப அழைத்த 3,23,700 கார்களை அந்த நிலையங்களில் எத்தனை முறை நிறுத்தியிருந்தாலும் அந்தக் குறை தெரிந்திருக்காது. கண்ணுக்குத் தெரியாததைப் புகை என்று எழுதினால், புகை வராத வண்டி நல்ல வண்டி என்ற நம்பிக்கைக்கு நாமே துணைபோகிறோம்.

வண்டியிலேயே ஏற்றிச் சாலையில் அளக்கும் பொறிக்கு 'உடன்செல் உமிழ்வளவி' என்று குறித்து வைத்திருக்கிறேன். இலக்கணப்படி சரி, ஆனால் பட்டறையில் ஒருவர் அதை வாயால் சொல்வாரா என்ற ஐயம் எனக்குத் தீரவில்லை. இன்னும் எளிய சொல் தோன்றினால் எழுதுங்கள்.